டைம் அவுட்டில் டீச்சர் சொன்னது

தெசலோனிக்கி,
14 செப்டம்பர் 1997

டீச்சருக்கு,

வந்து ஆறு வாரம் ஆகிறது. போன மறுநாளே எழுதுகிறேன் என்று வேயுபே பேருந்து நிலையத்தில் சொன்னேன், எழுதவில்லை. எனக்குக் கடிதம் எழுதும் பழக்கமே கிடையாது. செர்பியாவில், சாச்சக்கில் இருக்கும் சொந்த அண்ணனுக்கே வருடத்துக்கு ஒரு தந்திதான். ஆனால் இங்கே பேச ஆள் இல்லை. உங்கள் இடத்தில் எனக்கு ஒதுக்கியிருக்கும் மொழிபெயர்ப்பாளன் ஒரு கிரேக்கப் பையன், பெல்கிரேடில் பல் வைத்தியம் படித்தவன். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவனும் ஒரு வார்த்தை சொல்கிறான். சரியாகத்தான் சொல்கிறான் போலிருக்கிறது, ஆட்டக்காரர்கள் எல்லாரும் என்னை முறைக்கிறார்கள்.

வேயுபேயில் ஒருவனும் முறைத்ததில்லை. இதைப் பற்றி நிறைய யோசிக்கிறேன். இருபது வருடமாகக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். போன இடமெல்லாம் பயம் கிடைத்தது, கொஞ்சம் மரியாதையும் கிடைத்தது. உங்கள் லிதுவேனியாவில், வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத உங்கள் ஊரில் மட்டும்தான், பசங்கள் என் மேல் பிரியமாக இருந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை திட்டினேன். கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருவனுடைய அம்மா புகைபோட்ட பாலாடைக்கட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்து என் கையில் முத்தம் வைத்தாள். உங்கள் ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

அணியிலிருந்து நான் கூட்டிவந்த சவுலியுஸ் என்னோடு நன்றாக இருக்கிறான். கட்டிலுக்கு வெளியே அவன் கால் ஒரு முழம் நீள்கிறது, அது ஒன்றுதான் குறை.

கேப்டன் விதேனிஸை விட்டுவிட்டு இவனை ஏன் கூட்டிப்போனார் என்று ஊரில் கேட்பார்கள். ஒருவனைத்தான் கூட்டிவரலாம் என்றது இந்தக் கழகம். வருடம் முழுக்க என் மனசில் இருந்தவன் விதேனிஸ்தான், அது உங்களுக்கே தெரியும். ஆனால் கோப்பை இறுதிக்குப் பிறகு எப்படி முடியும்? ஏழு விநாடி மிச்சம், ஒரு புள்ளி பின்னால். டைம் அவுட் எடுத்து, பந்து சவுலியுஸுக்குப் போகட்டும் என்று பலகையில் அம்பு போட்டேன். வாயாலும் சொன்னேன், நீங்களும் அதை அவர்கள் மொழியில் சொன்னீர்கள். விதேனிஸ் பந்தை வாங்கி, மூலையில் நின்று தானே எறிந்தான். விழுந்தது. ஊரே என்னைத் தோளில் தூக்கியது. தோள்மேல் உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு ஒன்றுதான் உறுத்தியது, என் வார்த்தை அவனுக்குக் கால்தூசி. அப்புறம் என் அறையில் உங்களை வைத்துக்கொண்டுதானே கேட்டேன், "ஏன்டா இப்படிப் பண்ணின?" என்று. "நான்தான் என் இஷ்டத்துக்குப் போட்டேன்" என்றான். ஒரு மன்னிப்பு, ஒரு சாக்குக்கூட இல்லை.

பந்து விழுந்ததால் குற்றம் இல்லை என்று ஆகிவிடுமா?

அவன் என்னைப் பற்றி ஊரில் ஏதாவது பேசுகிறானா, எழுதுங்கள்.

புதிமிர் தெர்ஸிச்


வேயுபே,
20 அக்டோபர் 1997

மதிப்புக்குரிய கோச்,

உங்கள் கடிதம் வந்த அன்று அஞ்சலகத்தில் இருந்த நாலு பேரும் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

விதேனிஸ் உங்களைப் பற்றித் தவறாக ஒரு சொல் பேசியதில்லை. போன வாரம் ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். "டீச்சர், கோச் எப்படி இருக்காரு? அந்த வெயில் தாங்குதாமா?" என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. தனக்கு எடுத்த கறுப்பு ரொட்டியை என் கூடையில் வைத்துவிட்டுப் போனார், அதுதான் கடைசி ரொட்டி.

நான் இப்போது நூலகத்துக்குத் திரும்பிவிட்டேன். பள்ளியில் ரஷ்ய மொழியை நிறுத்திய பிறகு எனக்கு அங்கே வேலை இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். லெனின்கிராதில் படித்த நாளில் இரண்டு வருடம் செர்பிய மொழி எடுத்தேன் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் என்னை உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பந்து சுவரில் மோதும் சத்தம் என்பதற்கு மேல் கூடைப்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கோச், அந்தப் பந்து அவர் கையை விட்டுக் கிளம்பியபோது மூவாயிரம் பேர் மூச்சு விடவில்லை. அரங்கத்தின் விளக்குகள் ரீங்கரிப்பதைக் கேட்டேன். அவ்வளவு அமைதியை நான் தேவாலயத்தில்கூடக் கேட்டதில்லை.

அந்தக் கடைசி டைம் அவுட்டைப் பற்றி உங்களுக்கு ஒரு பக்கம் எழுதினேன். பிறகு படித்துப் பார்த்தேன். அதை அனுப்பவில்லை. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது வார்த்தைக்கு என்னென்னவோ ஆகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவரிடம் அவ்வளவு கடுமை வேண்டாம்.

சவுலியுஸுக்கு என் அன்பு. அவருக்குக் கம்பளிச் சாக்ஸ் அனுப்ப அவர் அம்மா பின்னிக்கொண்டிருக்கிறார். அங்கே வெயில் என்றால் நம்ப மறுக்கிறார்.

அல்தோனா


இஸ்தான்புல்,
2 மார்ச் 2001

டீச்சருக்கு,

மூன்றரை வருடம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தெசலோனிக்கியில் என்னை இரண்டு முறை வேலையை விட்டு எடுத்தார்கள், ஒரு முறை திரும்ப வைத்தார்கள். பிறகு பொலோன்யா. அங்கே ஒருவன் டைம் அவுட்டில் என் முகத்தில் துண்டை எறிந்தான். இப்போது இஸ்தான்புல். வந்த முதல் வருடமே இறுதிக்குப் போனோம். முடி கொட்டிவிட்டது. வீட்டு ஜன்னலிலிருந்து கப்பல்கள் தெரிகின்றன, பார்க்க நேரம் இல்லை.

இந்த எல்லாக் கதவையும் எனக்குத் திறந்துவிட்டது வேயுபே கோப்பைதான். எட்டாயிரம் பேர் இருக்கிற ஊரை வைத்துக்கொண்டு தலைநகர அணியைத் தோற்கடித்தவன் என்றுதான் எங்கே போனாலும் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். அதற்கு முன் இருபது வருடம் ஒரு கோப்பைகூட வாங்காதவன் நான் என்பதை மறந்தே போனார்கள்.

ஒரு சந்தேகம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் பசங்கள் வாழ்த்து அனுப்புகிறார்கள், எந்த ஊருக்கு மாறினாலும் தேடிப்பிடித்து அனுப்புகிறார்கள். போன முறை ஒருவன் எழுதியிருக்கிறான், "என் முட்டி வலித்தபோது நீங்கள் சொன்ன அன்பான வார்த்தைகளை மறக்க மாட்டேன்" என்று. இன்னொருவன் தன் மகனுக்கு என் பெயரை வைத்திருக்கிறான். லிதுவேனியாவில் ஒரு புதிமிர்! பள்ளிக்கூடத்தில் அந்தக் குழந்தையை என்ன பாடு படுத்துவார்களோ. நான் எப்போது டீச்சர் அன்பாகப் பேசினேன்?

கழகம் எப்படி இருக்கிறது?

புதிமிர்


வேயுபே,
9 ஏப்ரல் 2001

மதிப்புக்குரிய கோச்,

கழகம் இப்போது இல்லை. பால் ஆலை கைமாறியது. புதிதாக வந்தவர்கள் முதலில் விளையாட்டுக்குக் கொடுத்த காசைத்தான் நிறுத்தினார்கள். கூடத்தில் சனிக்கிழமை தோறும் பழைய துணி விற்கிறார்கள்.

விதேனிஸ் அந்த ஆலையிலேயே பால் லாரி ஓட்டுகிறார். தினமும் விடியற்காலையில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து வருகிறார். அவருக்கு வயது முப்பத்தொன்றுதான் ஆகிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எந்த ஊரிலாவது ஓர் இடம் கிடைக்கும். அவர் என்னைக் கேட்கச் சொல்லவில்லை, கேட்டது தெரிந்தால் வருத்தப்படுவார். நான் கேட்கிறேன். கேட்க எனக்குக் காரணம் இருக்கிறது.

அன்பான வார்த்தைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒருநாள் பதில் சொல்கிறேன்.

அல்தோனா


வலென்சியா,
25 ஜூன் 2008

டீச்சருக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சொன்ன பேச்சைக் கேட்காதவனை இன்னொரு கோச்சின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏழு வருடம் ஓடிவிட்டது. இதற்கிடையில் கசான், மறுபடி பொலோன்யா, இப்போது ஸ்பெயின். வயது அறுபது. மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை.

போன வாரம் வில்னியஸ் வந்திருந்தேன், ஒரே நாள். இளம் பயிற்சியாளர்கள் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் ஊருக்கு வர நேரமில்லை. எங்கே பாடம் எடுத்தாலும் காட்டுவதுபோல அவர்களுக்கும் அந்தக் கோப்பை இறுதியின் கடைசி ஏழு விநாடியைப் போட்டுக் காட்டினேன். பலகையில் அம்பு எங்கே போகிறது பாருங்கள், பந்து எங்கே போகிறது பாருங்கள் என்றேன். விதேனிஸ் முகத்தைத் திரையில் நிறுத்திவைத்தேன். "கோப்பை வந்தது. ஆனால் இப்படிப்பட்டவனை அணியில் வைக்காதீர்கள், நாளைக்கு அணியே இருக்காது" என்றேன். நல்ல பாடம். கை தட்டினார்கள்.

நீங்கள் பக்கத்தில் இல்லாதது குறையாக இருந்தது. அன்று பேசிய மொழிபெயர்ப்பாளர் தூங்கி வழிந்தார்.

புதிமிர்


வேயுபே,
11 ஜூலை 2008

கோச்,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அந்த இருநூறு பேரில் ஒருவர். திங்கட்கிழமை நூலகத்துக்கு வந்தார். "டீச்சர், விதேனிஸ் மூஞ்சிய சுவர் அளவுக்குப் பெரிசா நிறுத்தி வெச்சுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன், என்ன பண்றது. நேத்து லாரிய நிறுத்தி எனக்கு லிஃப்ட் குடுத்தாரு அந்த மனுஷன். கண்ணப் பாத்துப் பேச முடியல" என்றார். அன்று மத்தியானமே நூலகத்தைப் பூட்டினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

சொன்ன பேச்சை விதேனிஸ் கேட்டார், கோச். சொன்னவள் நான்.

முதல் நாளிலிருந்து சொல்கிறேன். நீங்கள் வந்து நின்று ஒரு பையனைப் பார்த்து, "உன் அம்மா பெத்தது பிள்ளையா, உருளைக்கிழங்கு மூட்டையா?" என்றீர்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தப் பையனின் அம்மா இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அது உங்களுக்குத் தெரியாது. நான், "உன் முட்டி வலிக்குதான்னு கோச் கேக்குறாரு" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. அன்று அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நீங்களே, "பாத்தீங்களா, திட்டினாதான் ஓடறான்" என்று என்னிடம் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. ஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை எல்லாம் அப்படியே சொன்னேன். எங்கே நிற்பது, யாரை மறிப்பது, எப்போது திரும்புவது, அதில் ஓர் எழுத்து மாற்றியதில்லை. நீங்கள் சொன்ன அறிவைக் கேட்டு நானே வாயடைத்துப் போயிருக்கிறேன். ஆனால் திட்டை எல்லாம் விழுங்கிவிட்டு அந்த இடத்தில் வேறு ஏதாவது வைத்தேன். "கோச்சுக்குக் குரல்தான் பெரிசு, மனசு தங்கம்" என்று பசங்கள் பேசிக்கொள்வார்கள்.

இப்போது அந்த டைம் அவுட். அரங்கத்தில் காது கிழிகிறது. நீங்கள் பலகையில் கிறுக்குகிறீர்கள். என்னைப் பிடித்து இழுத்து விதேனிஸ் பக்கம் தள்ளி, "சவுலியுஸுக்குக் குடுக்கச் சொல்லு. இந்தச் செத்த குதிரை மட்டும் எறியக் கூடாது. நாலு தடவ எறிஞ்சு நாலும் போச்சு" என்றீர்கள். நான் குனிந்தேன். அவர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். இருபது வருடம் வாய்மொழித் தேர்வு நடத்தியவள் நான், அந்தக் கையை எனக்குத் தெரியும். பாடம் தெரியாத பிள்ளை கையைத் துடைக்காது. தெரிந்தும் தன்னை நம்பாத பிள்ளைதான் துடைக்கும். அவர் காதில் வாயை வைத்து, "கோச் உங்களையே எறியச் சொல்றாரு. கண்டிப்பா விழும்ங்கறாரு" என்றேன். அவருக்கு மட்டும்தான் கேட்டது.

ஏன் சொன்னேன்? பதினொரு வருடமாக என்னையே கேட்கிறேன். கூடைப்பந்து தெரியாத ஒருத்தி ஓர் ஊரின் கோப்பையை வைத்துச் சூதாடினேன். விழாமல் போயிருந்தால்?

அதைவிடப் பெரிய பாவம் உங்கள் அறையில் நடந்தது. "ஏன்டா இப்படிப் பண்ணின?" என்றீர்கள். அந்தக் கேள்வியை மாற்ற முடியாது, உங்கள் முகமே அதைச் சொல்லிவிட்டது. நான் மொழிபெயர்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "நான்தான் என் இஷ்டத்துக்குப் போட்டேன்" என்றார். வருடம் முழுக்க எத்தனையோ மாற்றியவள், அந்தப் பொய்யை மட்டும் அட்சரம் பிசகாமல் உங்களுக்குச் சொன்னேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. பயந்துவிட்டேன்.

அவரிடம் இதைப் பற்றி நானும் பேசியதில்லை, அவரும் பேசியதில்லை. ரொட்டிக் கடையில் பார்த்தால் தொப்பியை எடுத்து வணக்கம் சொல்கிறார்.

அல்தோனா


வலென்சியா,
30 ஜூலை 2008

திருமதி அல்தோனா அவர்களுக்கு,

படித்தேன்.

என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் கோப்பை அது. அதைப் பார்த்துத்தான் தெசலோனிக்கி கூப்பிட்டது. தெசலோனிக்கியைப் பார்த்து பொலோன்யா, பொலோன்யாவைப் பார்த்து இஸ்தான்புல். என் வீட்டுச் செங்கல் ஒவ்வொன்றும் அதன்மேல் நிற்கிறது. இப்போது அதை நான் ஜெயிக்கவில்லை என்கிறீர்கள். பசங்களின் பிரியமும் எனக்கு வந்தது இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் நான் யார்? வாயசைத்துக்கொண்டு நின்ற பொம்மையா?

ஒன்றைத் தவறாமல் செய்தீர்கள். எல்லாவற்றையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, பதினொரு வருடம் கழித்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

பு. தெர்ஸிச்


சாச்சக்,
17 மே 2009

டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னவனே எழுதுகிறேன்.

ஜனவரியில் வலென்சியாவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இங்கே அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். குளிர்காலம் முழுக்க அந்த ஒளிநாடாவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். "இருபது தடவ பாத்தா ஸ்கோர் மாறிடுமா?" என்று அண்ணி கேட்டாள். மாறவில்லை. ஆனால் நான் பார்க்காத ஒன்று அதில் இருந்தது. நீங்கள் அவன் காதில் பேசிவிட்டு நிமிர்கிறீர்கள். அவன் பலகையைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான். அப்புறம் கண்ணை மூடிக்கொள்கிறான். முரடன் செய்கிற காரியமா அது? இத்தனை வருடம் அந்த முகத்தைத்தான் நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறேன், நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஏப்ரலில் உங்கள் ஊருக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நூலக வாசல்வரை வந்தேன், ஜன்னலில் நீங்கள் தெரிந்தீர்கள், ஒரு புத்தகத்துக்கு முதுகு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வரத் தைரியம் இல்லை. மறுநாள் விடியும்போது பால் ஆலை வாசலில் போய் நின்றேன். லாரி வந்தது. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தான். நரைத்துவிட்டது அவனுக்கு. என் ரஷ்ய மொழியில் தடுமாறி ஏதோ ஆரம்பித்தேன்.

"ஏறுங்க கோச்," என்றான். "பால் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

டீச்சர், அவன் சொன்னது செர்பிய மொழியில்! அதுவும் புத்தக செர்பியன் இல்லை, என் சாச்சக் கொச்சை. என் அப்பா முற்றத்தில் நின்று பேசுவதுபோல. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"எப்படா கத்துக்கிட்ட?"

"நீங்க வந்த வருஷம். நவம்பர் வாக்குல புரிய ஆரம்பிச்சுது. நீங்க கத்தறத ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குவேன், பக்கத்து டவுன்ல போயி அகராதி பாப்பேன். புரியாம இருந்தப்ப பயமா இருந்துச்சு. புரிஞ்சதுக்கப்புறம் இன்னும் பயமா இருந்துச்சு."

சிரித்தான். அவனுக்கு நல்ல வார்த்தை அதிகம் தெரியவில்லை. பாதி வசவு. என்னிடம் மட்டுமே மொழி கற்றவனுக்கு வேறு என்ன தெரியும்? பால் குழாயைக்கூட நான் நடுவரைத் திட்டுகிற வார்த்தையால்தான் கூப்பிடுகிறான்.

"அப்ப டீச்சர் மாத்திச் சொன்னது…"

"தெரியும். பசங்ககிட்ட சொல்லல. அவங்க சந்தோஷமா ஓடிக்கிட்டு இருந்தாங்க, அத ஏன் கெடுக்கணும்?"

"அன்னிக்கு டைம் அவுட்ல நான் சொன்னது?"

"செத்த குதிரை," என்றான். சாலையைப் பார்த்துக்கொண்டே. "கேட்டுச்சு."

ஐந்து பண்ணை ஏறி இறங்கினோம். குழாயைப் பிடிக்கச் சொன்னான், பிடித்தேன். "அப்பிடி இல்ல, முட்டிய மடக்குங்க" என்று நான் சொல்லிக்கொடுத்த தொனியிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தான். ஐந்தாவது பண்ணை தாண்டித்தான் கேட்டேன்.

"ரெண்டையும் கேட்டுட்டு ஏன்டா எறிஞ்ச?"

"நீங்க சொல்லலன்னு தெரியும் கோச். ஆனா யாரோ ஒருத்தர் சொன்னாங்கல்ல. அந்த நேரத்துக்கு அது போதும்னு தோணுச்சு."

"என் ரூம்ல உண்மையச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவங்க வேலை போயிருக்கும். எனக்கு என்ன போகப் போகுதுன்னு நெனச்சேன்."

"தெசலோனிக்கி போச்சேடா!"

"ஆமா, போச்சு," என்றான். "ரெண்டு வருஷம் தூக்கம் வரல. உங்க மேல கோவம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. வில்னியஸ்ல என்ன காட்டினீங்கன்னும் கேள்விப்பட்டேன்." அடுத்த பண்ணைப் பக்கம் வண்டியைத் திருப்பினான். "இன்னிக்கு அஞ்சு பண்ணை வாயத் தொறக்காம வந்தீங்க பாருங்க, அதுல கொஞ்சம் கொறஞ்சுது."

முப்பது வருடத்துக்கு மேலாக ஆட்டக்காரர்களைப் பார்க்கிறேன். என்னைவிட உயரமானவர்கள், என்னைவிடப் பணக்காரர்கள், தொலைக்காட்சியில் தெய்வம்போலத் தெரிகிறவர்கள். ஒருவனுக்கும் நான் உள்ளுக்குள் எழுந்து நின்றதில்லை. அந்தப் பால் லாரியில் உட்கார்ந்தபடியே எழுந்து நின்றேன் டீச்சர். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வில்னியஸ்காரர்களிடம் கேட்டு ஒரு மணி நேரம் வாங்கியிருக்கிறேன். ஜூன் 20, அதே கூடம், முடிந்தால் அதே இருநூறு பேர். நீங்கள் வந்து மொழிபெயர்க்க வேண்டும். நான் சொல்வது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் மாற்றக் கூடாது. அவனையும் கூட்டி வாருங்கள், நான் கூப்பிட்டால் வர மாட்டான்.

இன்னொன்று. லாத்வியாவில், ரீகாவில் ஒரு வேலை வந்திருக்கிறது. நீங்கள் மொழிபெயர்க்க வருவீர்களா?

புதிமிர்


வேயுபே,
24 ஜூன் 2009

அன்புள்ள கோச்,

விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று உங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ரயிலில் திரும்பினோம். மறுநாள் அவர் லாரி வழக்கம்போல் என் ஜன்னலைத் தாண்டிப் போனது.

நீங்கள் சொன்னபடி ஒன்றையும் மாற்றவில்லை. "செத்த குதிரை" என்று என் வாயால் லிதுவேனிய மொழியில் சொன்னபோது கூடமே அசைந்தது. "இந்தக் கோப்பையை வாங்கித் தந்தது நானில்லை. பாதி இந்த அம்மா, மீதி அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர். நான் பன்னிரண்டு வருடம் அவரைத் திருடன் மாதிரி நிறுத்திக் காட்டினேன்" என்று சொன்னீர்கள். அந்த இடத்தில் உங்கள் குரல் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. ஆனால் வார்த்தை சரியாக வந்தது. ஆட்டத்தின் நுணுக்கம் முழுக்க உங்களுடையதுதான் என்று நானாகச் சேர்த்திருக்கலாம், அது உண்மையும்கூட. மாற்றக் கூடாது என்றதால் சேர்க்கவில்லை. இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். அந்தக் கடைசி ஏழு விநாடி வரை அந்தப் பசங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது நீங்கள்.

ரீகாவுக்கு வர மாட்டேன். லாத்வியன் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் வர மாட்டேன். உங்கள் வார்த்தைக்கு நீங்களே பொறுப்பேற்கிற வயது உங்களுக்கு வந்துவிட்டது.

கடைசியாக ஒரு பாக்கி வேலை. நீங்கள் விதேனிஸை மேடைக்குக் கூப்பிட்டீர்கள். அவர் வந்து, ஒலிபெருக்கியைத் தொடாமல் தள்ளி நின்று, எங்கள் மொழியில் பேசினார். நீங்கள் என் சட்டைக் கையை இழுத்து, "என்ன சொல்றான், என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இத்தனை வருடத்தில் நான் மொழிபெயர்க்காமல் நின்ற ஒரே சமயம் அதுதான். கூடம் முழுக்க எழுந்து நின்றபோது நீங்களும் ஒன்றும் புரியாமலே எழுந்து நின்றீர்கள்.

ரயிலில் வரும்போதே எழுதி வைத்துக்கொண்டேன். சரியா என்று அவரிடமே காட்டினேன். அவர் சொன்னது இதுதான்:

"எல்லாரும் என்னைப் பெரிய மனுஷனாக்கறீங்க. கோச் சொன்னது தப்பில்ல. நாலு தடவ எறிஞ்சேன், நாலும் போச்சு. நான் கோச்சா இருந்திருந்தா எனக்குப் பந்தக் குடுத்திருக்க மாட்டேன். டீச்சர் சொன்னதும் தப்பில்ல. அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு அவங்களுக்கே தெரியாது. பந்து கைய விட்டுப் போனப்ப எனக்கும் தெரியல. வளையத்துல சுத்திச்சு. ஒரு சுத்து, ரெண்டு சுத்து. உள்ள போறதும் வெளிய போறதும் ஒண்ணுதான் அதுக்கு. அப்பறம் உள்ள போச்சு. தெனமும் காலைல வண்டி எடுக்கும்போது நெனைப்பேன், ஏன் உள்ள போச்சுன்னு. இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அல்தோனா